தயிர் விற்காத தெரு

அத்தியாயம் 6

மலப் பரிசோதனையைப் பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. கார்முகில் மட்டும் பிஸ்கட் தின்பதை நிறுத்தவில்லை.

ஒரகடத்தில் கார் பம்பருக்குப் பெயின்ட் அடித்து அனுப்பும் அந்தக் கம்பெனியின் ஹெச்.ஆர். அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். நான்கு பேருக்கு நாற்காலி கிடைத்திருந்தது. முதலுதவி அறை நர்ஸ் மெர்சி மட்டும் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். அவளை உட்காரச் சொல்ல ஹெச்.ஆர். மேனேஜர் புருஷோத்தமனுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

அம்சவல்லி எழுந்து மூலையில் கிடந்த ஸ்டூலைத் தானே இழுத்துப் போட்டாள்.

"உக்காரும்மா. குத்தவாளியா இருந்தாக்கூட கால் வலிக்கும்."

அம்சவல்லி இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கிளைம்களைப் பிடித்துப் பிடித்துச் சலித்துப் போய், குன்றத்தூரில் ஒரு மாடி அறையில் துப்பறியும் ஆபீஸ் திறந்தவள். ஐம்பதைத் தொடப்போகிறாள். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டு அதையே தேடுவாள், ஆனால் அடுத்தவர் ஒளித்து வைத்ததை உடனே கண்டுபிடித்துவிடுவாள். கார்முகில் அவளுடைய அசிஸ்டென்ட். முன்பு கார் சீட் தைக்கும் கம்பெனியில் லைனில் இருந்தான். சூப்பர்வைசர் கேட்ட எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னதால் வெளியே அனுப்பப்பட்டான்.

"முதல்லேர்ந்து சொல்லுங்க டாக்டர்" என்றாள் அம்சவல்லி.

டாக்டர் சுபஸ்ரீ மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சிக்காரி. அம்சவல்லியைக் கூப்பிட்டதே அவள்தான். ராத்திரி சரியாகத் தூங்காதது முகத்தில் தெரிந்தது.

"பெயின்ட் பூத், வெல்டிங் ரெண்டுலயும் சேர்த்து அறுபது பேர். பாதிப் பேருக்கு நல்ல பாக்டீரியா அடைச்ச காப்ஸ்யூல், மீதிப் பேருக்கு அதே மாதிரி இருக்கிற வெறும் மாவு. வாரத்துக்கு ஒரு பாட்டில். ராத்திரி சாப்பாட்டுக்கப்புறம் வீட்டுல போட்டுக்கணும். எது நிஜம், எது மாவுன்னு சாப்பிடறவங்களுக்கும் தெரியாது, குடுக்கிற மெர்சிக்கும் தெரியாது. பாட்டில்ல வெறும் நம்பர்தான். விவரம் எங்க கம்பெனி கம்ப்யூட்டர்ல இருந்துச்சு."

"இதெல்லாம் இன்னாத்துக்கு?" என்றான் கார்முகில்.

"உடம்புல ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் குறையுதான்னு பாக்க."

"ஸ்ட்ரெஸ்ஸா? அத்த ஹெச்.ஆர். சார்கிட்ட கேட்டா போதுமே. சப்ளை அவர்து."

புருஷோத்தமன் பிஸ்கட் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

சுபஸ்ரீ சிரித்துவிட்டாள். "மனசு ஸ்ட்ரெஸ் வேற, இது வேற. வாழைக்காயை நறுக்கி வெச்சா காத்து பட்டு கறுக்குது இல்லையா? உடம்புக்குள்ளயும் அப்படி ஒரு சேதம் நாள் பூரா நடக்குது. உடம்பே அதைச் சரி பண்ணிக்கும். பெயின்ட் ஆவி, புகை, ராத்திரி முழிப்புன்னு சேர்ந்துட்டா சேதம் முந்திக்கும். ரத்தத்துல அளந்து பாக்கலாம். குடல்ல நல்ல பாக்டீரியா இருந்தா அது குறையும்னு சில ஆய்வு சொல்லுது. பெரிய வித்தியாசம் இல்லன்னு வேற சிலது சொல்லுது. அதனாலதான் இந்த ட்ரையல்."

"ரிசல்ட்?"

"ரெண்டு மாசத்துல எல்லாருக்கும் குறைஞ்சிருக்கு. நிஜ காப்ஸ்யூல் சாப்பிட்டவங்களுக்கும், மாவு சாப்பிட்டவங்களுக்கும்." சுபஸ்ரீயின் குரல் இறங்கியது. "அது மட்டுமில்ல. மாவு சாப்பிட்டவங்கள்ல கொஞ்சப் பேரோட மலத்துல எங்க பாக்டீரியா இருக்கு. வேற எங்கயும் கிடைக்காத வகை அது. எங்க லேப்ல வளர்த்தது."

"அவ்ளோதான் மேடம், கேஸ் க்ளோஸ்" என்றார் புருஷோத்தமன். மேஜை மேல் ஒரு புகார் டைப் செய்யப்பட்டுத் தயாராக இருந்தது. "மாவு சாப்பிட வேண்டியவன் வயித்துல நிஜம் எப்படிப் போச்சு? பாட்டில் இவங்க கஸ்டடியில இருந்துச்சு. மாத்திக் குடுத்திருக்காங்க. சாயந்தரம் ஷிப்ட் முடியறதுக்குள்ள நீங்க வேற ஆளைக் காட்டலைன்னா இது ஸ்டேஷனுக்குப் போகும்."

மெர்சி முதல் முறையாக வாயைத் திறந்தாள். "மேடம், ஸ்டேஷன்ல பேரு ஏறிட்டா நர்ஸ் ரிஜிஸ்டர்ல என் பேரு இருக்காது. ஊசி போடறதத் தவிர எனக்கு வேற வேல தெரியாது. நான் எந்த பாட்டிலயும் மாத்தல." அவ்வளவுதான் சொன்னாள். அழுகை வந்துவிடுமோ என்ற பயத்தில் மீதியை விழுங்கிவிட்டாள்.

அம்சவல்லி அவளை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு சுபஸ்ரீயிடம் திரும்பினாள். "மாவு சாப்பிட்டும் பாக்டீரியா இருக்குன்னீங்களே, அவங்கல்லாம் எந்த ஊரு?"

சுபஸ்ரீ லேப்டாப்பைத் தட்டினாள். விரல் பாதியில் நின்றது. "எல்லாருமே பிள்ளைப்பாக்கம். வாலாஜாபாத்லேர்ந்து பஸ்ல வர்றவங்கள்ல மாவு சாப்பிட்ட ஒருத்தருக்கும் இல்ல."

"மெர்சிக்கும் பிள்ளைப்பாக்கம்தான்" என்றார் புருஷோத்தமன், லாட்டரி அடித்தவர் மாதிரி. "தன் தெருப் பசங்களுக்கு நல்லதைத் தள்ளிவிட்டிருக்காங்க."

"அப்டின்னா நிஜம் சாப்பிட வேண்டிய யாருக்காவது அது போய்ச் சேராம இருக்கணுமே. அவங்கள்ல யாருக்காவது பாக்டீரியா இல்லாம இருக்கா?" என்றாள் அம்சவல்லி.

சுபஸ்ரீ மறுபடி தட்டினாள். "இல்ல. நிஜம் சாப்பிட்ட எல்லாருக்கும் இருக்கு. மிச்சம் இருந்த பாட்டில்களையும் டெஸ்ட் பண்ணிட்டோம். அதுலயும் எதுவும் மாறல."

அம்சவல்லி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். "சார், நான் நெறைய திருட்டு பாத்திருக்கேன். திருட்டுன்னா ஒரு எடத்துல பொருள் கொறையும். இங்க எங்கயுமே கொறையல, ஆனா இன்னொரு எடத்துல கூடியிருக்கு. இந்த மாதிரி ஒரு திருடனை நான் பாத்ததே இல்ல."

"அட்சய பாத்திரக் கேஸுக்கா" என்றான் கார்முகில், புருஷோத்தமன் அசந்த நேரத்தில் கடைசி பிஸ்கட்டை எடுத்தபடி.

---

பிள்ளைப்பாக்கம் போகிற வழியில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே கார்முகில் பைக்கைப் பாம்பு மாதிரி ஓட்டினான். பின்னால் அம்சவல்லி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். மெர்சி குடியிருந்த தெருவில் இறங்கியபோது இரண்டு பேருக்கும் தொண்டை வறண்டிருந்தது.

அந்தத் தெருவில் பாதி, பலராமனுடையது. முன்பு நெல் போட்ட நிலத்தில் ஒரு பகுதியைக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தில் வரிசையாக ரூம்கள் கட்டி, கம்பெனிப் பசங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். வரிசையின் முனையில் அவருடைய மளிகைக் கடை, அதன் பின்னால் அவர் வீடு. வாடகையாகக் கொடுக்காதவனும் கடையில் கொடுத்துத்தான் தீர வேண்டும் என்கிற மாதிரி ஏற்பாடு.

"அண்ணாத்த, ஒரு தயிர் பாக்கெட் குடு. தண்ணி கலக்கிக் குட்ச்சாதான் உயிர் வரும்" என்றான் கார்முகில்.

பலராமன் ஃபிரிட்ஜைத் திறந்து ஒன்றுக்கு மூன்றாக எடுத்து வைத்தார். "மூணா எத்துக்கப்பா. ஒண்ணுக்குத் துட்டு குடு போதும். நாளையோட டேட் முடியுது."

அம்சவல்லியின் காது நிமிர்ந்தது. துட்டு வாங்காத மளிகைக்காரரை அவள் எந்த விசாரணையிலும் சந்தித்ததில்லை.

"தயிர் ஓடலையா?"

"அத ஏன்மா கேக்கற. ரெண்டு மாசம் முன்ன வரைக்கும் சாயங்காலம் வண்டி வந்தா ஒரு ட்ரே காலி. இப்ப வாங்கறவன் இல்ல. பால் பாக்கெட் மட்டும் பறக்குது. முன்ன வித்ததுல ரெண்டு பங்கு. பாலத்தான் குட்ச்சிக்கினு கீறானுங்களோ இன்னாவோ."

"டீ போட்டுக் குடிப்பானுங்க" என்றான் கார்முகில்.

"டீத்தூளும் ஓடலப்பா. சிகரெட்டு ஓடல, தலவலி மாத்ர ஓடல. முன்ன நைட்டு ஷிப்ட்டு, ஓ.டி.ன்னு பேய் மாதிரி சுத்திக்கினு இருந்தானுங்க. இப்ப வெளக்கு வெச்சப்புறம் வூட்டுக்கு வர்றானுங்க, சோத்த துன்னுட்டு குப்புற படுத்துடறானுங்க. வியாபாரமே போச்சு."

கார்முகில் யோசிக்கிற முகத்தை வைத்துக்கொண்டான். அவனுக்கு அது பொருந்தாத முகம். "யக்கா, தெருவுல எவன் வூட்டுலயோ பாம்பு வளக்கறானுங்க. பாலு அதுக்கு."

"பாம்பு தயிர் வாங்க வேணாம்னு சொல்லிச்சாடா?" அம்சவல்லி பலராமனிடம் திரும்பினாள். "பால் கூடியிருக்கு, தயிர் நின்னுருக்கு. ரூம்லயே தயிர் தோய்க்கறாங்கண்ணே. தோய்க்க மோர் வேணுமே, உங்க வூட்ல குடுக்கறீங்களா?"

"என் வூட்டுக்காரியா? நல்லா குடுப்பா. வெளக்கு வெச்சதுக்கப்புறம் உப்பு, ஊசி, ஒற மோர் எதுவும் வாசப்படி தாண்டக் கூடாது. லஷ்மி கூடவே எறங்கிப் போய்டுவாளாம். இந்த மெர்சி பொண்ணு வேதக்காரப் பொண்ணு, அதுகூட ஒருக்கா கேட்டுப் பாத்துட்டு வெறுங்கையோட போச்சு. பசங்க வெளக்கு வெச்சப்புறம் வர்றானுங்க, விடியறதுக்குள்ள போறானுங்க. எப்ப குடுப்பா?"

"இந்தத் தெருவுல வேற குடும்பம்?"

"நான்தாம்மா. மத்ததெல்லாம் ரூம்தான்."

"யக்கா" என்றான் கார்முகில், "ஒரே ஒரு நாள் பாக்கெட் தயிர வாங்கி அதுல ஒரு ஸ்பூன் வுட்டுருப்பானுங்க. இதுல இன்னா மர்மம் கீது?"

"இருக்கலாம்டா. நாக்குல வெச்சுப் பாத்தா தெரிஞ்சுடும். வா, யார் வூட்லயாவது சாப்பாட்டு நேரத்துக்குப் போவோம். வேலையும் ஆவும், வயிறும் நெறையும்."

வரிசையில் ஒரே ஒரு கதவுதான் திறந்திருந்தது. உள்ளே வார லீவில் இருந்த ஓர் இளைஞன் சோறு வடித்துக்கொண்டிருந்தான். பெயர் அருள்பாண்டி, விருதுநகர்ப் பக்கம், வெல்டிங்கில் கான்ட்ராக்ட் வேலை. அறிமுகம் இல்லாத இரண்டு பேர் வாசலில் நின்று தயிர் இருக்கிறதா என்று கேட்டால் மற்றவர்கள் சந்தேகப்படுவார்கள். அவன் தட்டு எடுத்தான்.

"வாங்கக்கா, உக்காருங்க. கொழம்பு நேத்து வச்சது, தயிரு இன்னைக்கித் தோஞ்சது."

தயிர் கெட்டியாக, கொழகொழவென்று இருந்தது. அம்சவல்லி விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். புளிப்பு சுத்தமாக இல்லை. கார்முகில் ஒரு கரண்டி போட்டுக்கொண்டு, பாக்கெட் தயிரைப் பிரித்து இன்னொரு வாய் சாப்பிட்டுப் பார்த்தான்.

"யக்கா, இதுக்கும் அதுக்கும் சொந்த பந்தமே இல்ல. இது வேற குடும்பம்."

அம்சவல்லி கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அருள்பாண்டி கட்டுக் கம்பியை வளைத்துத் தானே ஒரு கொசுவலைச் சட்டம் செய்திருந்தான். வெல்டிங்காரன் வேலை, உறுதியாக இருந்தது. கம்பி முனைகள் வலையைக் கிழிக்காமல் இருக்க ஒவ்வொரு முனையிலும் ஏதோ ஒரு சின்னத் தொப்பி மாட்டியிருந்தது. சில முனையில் வெள்ளை, சில முனையில் பச்சை.

கார்முகில் கிட்டே போய்ப் பார்த்தான். "கொசுவலைக்கு ஹெல்மெட் போட்ட மொத ஆளு இவன்தான்."

"அது ஹெல்மெட் இல்லடா, காப்ஸ்யூலோட மூடி." அம்சவல்லி தட்டைக் கீழே வைத்தாள். "தம்பி, கம்பெனில குடுத்த மாத்திரைய நீ முழுங்கலதானே?"

அருள்பாண்டியின் கையில் இருந்த கரண்டி நின்றது. பொய் சொல்ல முயன்றான். முகம் ஒத்துழைக்கவில்லை.

"எனக்கு மாத்திர முழுங்க வராதுக்கா. சின்னதுல ஒண்ணு தொண்டையில நின்னு, பொழைச்சதே பெரும்பாடு. பெறகு மாத்திரயக் கண்டாலே வேர்த்துரும். ட்ரையல்ல இருந்தா நைட் ஷிப்ட் கெடையாதுன்னாக, அதுக்காகச் சேந்தேன். மொத நாளு மாத்திரயப் பிரிச்சு வெதுவெதுன்னு இருந்த பால்ல கொட்டுனேன். ஆறுனதும் குடிக்கலாம்னு செத்த படுத்தேன். விடிஞ்சுபோச்சு. எந்திரிச்சுப் பாத்தா பாலு தயிராக் கெடக்கு."

கார்முகில் மெதுவாக உட்கார்ந்தான்.

"வீணாப் போகுதேன்னு சோத்துல போட்டுத் தின்னேன். நல்லா இருந்துச்சு. அன்னையில இருந்து தெனமும் பால்லதான் மாத்திர. பக்கத்து ரூம்காரன் ஒறைக்கு ஒரு கரண்டி கேட்டான், குடுத்தேன். அவன் அடுத்தவனுக்குக் குடுத்தான். பலராமன் அண்ணாச்சி வீட்டுலதான் பொழுது சாஞ்சா குடுக்க மாட்டாகளே. இப்ப வரிசை பூரா நம்ம தயிருதான். மெர்சி அக்காவும் வாங்கிட்டுப் போகும்."

"மெர்சிக்கு இது எப்படித் தோஞ்சதுன்னு தெரியுமா?"

"சொல்லலக்கா. மாத்திர முழுங்கலன்னு தெரிஞ்சா ட்ரையல்ல இருந்து தூக்கிருவாகளே."

அம்சவல்லிக்கு அவன்மேல் கோபம் வந்தது, வந்த வேகத்தில் போயும்விட்டது. ஒரு கரண்டி மோரைக் கொடுத்து வாங்குவதற்கு யார் கணக்குப் பார்ப்பார்கள்? இந்த ஊரில் ஒருவன் வீட்டுத் தயிர் இன்னொருவன் வீட்டுப் பாலில் பிறந்ததுதான். மருந்துக் கம்பெனிக்காரர்கள் எல்லாவற்றையும் யோசித்துவிட்டு இதை மட்டும் யோசிக்கவில்லை.

"தம்பி, மெர்சி காப்ஸ்யூலை மாத்திட்டாங்கன்னு இன்னிக்கு சாயந்தரம் போலீஸ்ல புகார் குடுக்கப் போறாங்க."

அருள்பாண்டி அடுப்பை அணைத்தான். ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்தான். கழுத்து வரை பட்டன் போட்டான். கான்ட்ராக்ட்காரன் ஹெச்.ஆர். அறைக்குப் போனால் பெரும்பாலும் திரும்ப உள்ளே வருவதில்லை என்பது அவனுக்குத் தெரியும்.

"போவோம்க்கா" என்றான். "தயிரையும் எடுத்துக்கிடவா?"

---

தூக்குவாளியை மேஜையில், புகாருக்குப் பக்கத்தில் வைத்தாள் அம்சவல்லி.

"குற்றவாளிய கொண்டாந்துட்டேன் சார். உள்ளதான் கீறாரு. கோடிக் கணக்குல."

அவள் நடந்ததைச் சொன்னாள். அருள்பாண்டி தலை குனிந்து நின்று ஒவ்வொன்றுக்கும் ஆமாம் போட்டான். அவன் பாட்டில் நம்பரைச் சுபஸ்ரீ தேடிப் பார்த்தாள், நிஜக் காப்ஸ்யூல்தான். மெர்சி வாயைப் பொத்திக்கொண்டாள். ரெண்டு மாசமாக அவளும் அதே தயிரைத்தான் சாப்பிட்டிருக்கிறாள்.

புருஷோத்தமன் மசியவில்லை. "நல்ல கதை மேடம். நர்ஸைக் காப்பாத்த தெருக்காரனைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க. தயிர்ல பாக்டீரியா இருக்கும்னு ஸ்கூல் பையனுக்கும் தெரியும். அது உங்க பாக்டீரியாதான்னு என்ன நிச்சயம்?"

"லேப்ல பாத்தா நாலு நாள்ல சொல்லிடுவேன்" என்றாள் சுபஸ்ரீ.

"நாலு நாள் எதுக்கு? இப்பவே பாத்துடலாம்." அம்சவல்லி அருள்பாண்டியைப் பார்த்தாள். "தம்பி, உங்க வரிசையில தயிர் சாப்பிடாதவங்க யாராவது கீறாங்களா?"

"ஐயனாருண்ணே இருக்காப்ல. கடைசி ரூம். தயிர் வாடை பட்டாலே எந்திரிச்சு வெளிய போயிருவாப்ல. அவரும் ட்ரையல்தான்."

"டாக்டர், ஐயனாருக்கு நீங்க குடுத்தது எது?"

சுபஸ்ரீ தேடினாள். "மாவு."

"அவர் வயித்துல உங்க பாக்டீரியா?"

சுபஸ்ரீ திரையை இரண்டு தரம் படித்தாள். பிறகு லேப்டாப்பை அப்படியே புருஷோத்தமன் பக்கம் திருப்பினாள். "இல்ல. அந்தத் தெருவுல மாவு சாப்பிட்டவங்கள்ல இவர் ஒருத்தருக்குத்தான் இல்ல."

"அதே தெரு, அதே நர்ஸ்" என்றாள் அம்சவல்லி. "மெர்சி தெருவுக்கே அள்ளிக் குடுத்திருந்தா ஐயனாரை மட்டும் ஏன் விட்டாங்க? அவர்கிட்ட இல்லாதது ஒண்ணே ஒண்ணுதான். தயிர்."

மெர்சி இப்போது அழுதாள். அடக்காமல், சத்தமாக அழுதாள். காலையிலிருந்து விழுங்கியதெல்லாம் வெளியே வந்தது. சுபஸ்ரீ எழுந்துபோய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். கார்முகில் தன் கைக்குட்டையை நீட்டினான். அது சுத்தமாக இல்லை என்பதைப் பார்த்துவிட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டான்.

புருஷோத்தமன் கெட்டிக்காரர். தோற்ற இடத்தில் நிற்காமல் அடுத்த இடத்துக்குத் தாவினார். "சரி, மெர்சி தப்பு பண்ணல. இந்தப் பையன் பண்ணிருக்கான். இவன் கேட் பாஸை கேன்சல் பண்ணிடறேன். ஒரு விதத்துல நல்லதுதான் டாக்டர். காப்ஸ்யூல் சாப்பிட்டவனுக்கும் ஸ்ட்ரெஸ் குறைஞ்சுது, தயிர் சாப்பிட்டவனுக்கும் குறைஞ்சுது. உங்க பாக்டீரியா ஹிட். எங்க கம்பெனி பேரைப் போட்டு விளம்பரம் பண்ணலாம்."

எல்லாருக்கும் குறைந்திருக்கிறது என்று தானே சொன்னது ஒரு கணம் மறந்து, சுபஸ்ரீயின் முகத்தில் வெளிச்சம் வந்தது. அதை அணைக்க அம்சவல்லிக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

"டாக்டர், தயிரும் தொடாத, நிஜக் காப்ஸ்யூலும் தொடாத ஐயனாருக்கு ரத்தத்துல அந்த அளவு எப்படி கீது?"

சுபஸ்ரீ பார்த்தாள். வெளிச்சம் போய்விட்டது. "குறைஞ்சிருக்கு."

"வாலாஜாபாத்ல மாவு சாப்பிட்டவங்களுக்கு?"

"குறைஞ்சிருக்கு." திரையைக் கீழே வரை பார்த்துவிட்டு, "எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு."

"பாக்டீரியாவே போகாத வயித்துலயும் கொறைஞ்சிருந்தா, கொறைச்சது வேற யாரோ. அறுபது பேருக்கும் பொதுவா ரெண்டு மாசமா நடந்தது இன்னா? மளிகைக் கடைக்காரர் எனக்குக் காலையிலயே சொல்லிட்டாரு. எனக்குத்தான் அப்ப ஒறைக்கல. டீத்தூள் ஓடல, சிகரெட்டு ஓடல, தலவலி மாத்திரை ஓடல. பசங்க சாப்ட்டுட்டு குப்புறப் படுத்துடறானுங்க."

சுபஸ்ரீ நாற்காலியில் சாய்ந்தாள். "நான்தான் அந்த விதியைப் போட்டேன்" என்றாள், தனக்குத்தானே சொல்வதுபோல. "ட்ரையல் முடியற வரைக்கும் ஓ.டி. கிடையாது, நைட் ஷிப்ட் கிடையாது. ரிசல்ட் குழம்பக் கூடாதுன்னு போட்டேன். அதுவே ரிசல்ட்டா நிக்குது."

"அப்ப மருந்து தூக்கம்தானா?" என்றான் கார்முகில். "அத்த யாரும் பாட்டில்ல அடச்சி விக்க முடியாதே."

"காப்ஸ்யூல் வேலை செய்யலைன்னு சொல்ல முடியாது" என்றாள் சுபஸ்ரீ. "செய்யுதுன்னும் சொல்ல முடியாது. இந்த ட்ரையல்ல அது தெரிய வழியே இல்ல. திரும்ப முதல்லேர்ந்து பண்ணணும். ஆனா இதை நான் அப்படியேதான் எழுதுவேன்."

"எழுதாதீங்க" என்றார் புருஷோத்தமன் அவசரமாக. "ஓ.டி.யை நிறுத்தினா உடம்பு தேறுதுன்னு எழுதினா யூனியன் அதை ஃபிரேம் போட்டு மாட்டும்."

"நீங்க போலீஸுக்குப் போனா ரிப்போர்ட்டு மொத்தமும் சேந்துதான் போகும் சார்" என்றாள் அம்சவல்லி. "கோர்ட்டுல சத்தமாப் படிப்பாங்க."

புருஷோத்தமன் புகாரை எடுத்தார். நாலாகக் கிழித்தார். கூடையில் போட்டார். அருள்பாண்டியைப் பார்த்தார்.

"ட்ரையல்ல கலந்துக்கிட்டவங்களை எதுக்காகவும் தண்டிக்கக் கூடாதுன்னு உங்க கம்பெனி எங்களுக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கு" என்று சுபஸ்ரீ ஞாபகப்படுத்தினாள்.

பாஸ் பற்றிய பேச்சும் அங்கேயே நின்றது.

ஷிப்ட் முடிந்து சைரன் ஊதியது. புருஷோத்தமனுக்கு இப்போது வேறு அவசரம். கேன்டீனுக்குப் பக்கத்தில் இருந்த முதலுதவி அறைக்கு மெர்சியைக் கிட்டத்தட்ட ஓட்டிக்கொண்டு போனார். ஆர்டர் தேங்கிக் கிடந்தது. இந்த ட்ரையல் பாழாகிவிட்டதால் நைட் ஷிப்ட் தடையும் போய்விட்டது என்று அறுபது பேருக்கும் இன்று இரவே நைட் ஷிப்ட் போட்டிருந்தார். பகல் முழுக்க வேலை செய்தவர்கள் பஸ் ஏறாமல் அறை வாசலில் வரிசையாக நின்றார்கள். நர்ஸ் பி.பி. பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் யாரும் நைட் ஷிப்ட் ஏறலாம். அது கம்பெனி விதி.

மெர்சி முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். முதல் ஆளுக்குக் கையில் பட்டையைச் சுற்றினாள். காற்றடித்தாள். கண்ணைப் பார்த்தாள். காலையில் எத்தனை மணிக்கு எழுந்தார் என்று கேட்டாள்.

"எல்லாம் நார்மல்தானே? போடும்மா, லைன் நிக்குது" என்றார் புருஷோத்தமன், பேனாவை நீட்டியபடி.

மெர்சி பேனாவை வாங்கினாள். மூடியைப் போட்டு மூடினாள். பாக்கெட்டில் குத்திக்கொண்டாள்.

"பகல் பூரா நின்னவங்களை அதே ராத்திரி ஏத்தறதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார். தூங்கிட்டு வரட்டும். நாளைக்குப் பாக்கறேன்."

புருஷோத்தமன் மெர்சியின் கையைப் பார்த்தார். காலையில் போலீஸிடம் பிடித்துக் கொடுக்க இருந்த கை அது. அந்தக் கை எழுதினால்தான் இன்று அவருடைய லைன் ஓடும்.

வெளியே கம்பெனி பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது.

"பஸ்ஸை நிறுத்தச் சொல்லுங்க சார்" என்றாள் மெர்சி. "இவங்க ஏறணும்."

புருஷோத்தமன் பஸ்ஸை நிறுத்தப் போனார்.